நண்டு ஓடாத வயல்

விவசாய இலாகாவில் புதிதாகச் சேர்ந்த சில பிள்ளைகள் போன மாதம் சிலிபினில் இருக்கும் என் வீட்டுக்கு வந்திருந்தார்கள். பழைய ஆளைப் பார்த்துவிட்டு வாருங்கள் என்று மேலதிகாரி யாராவது அனுப்பியிருப்பார். முதுகில் மாட்டிக்கொண்டு மருந்து தெளிக்கும் புதுக் கருவி ஒன்றைப் பற்றி மூச்சு விடாமல் பேசினார்கள். நெற்பயிரில் குலைநோய் தலைகாட்டினால் போதும், ஒரு சுற்று அடித்தால் அடங்கிவிடுமாம். நல்லதுதான், நான் வேண்டாம் என்று சொல்கிற ஆள் இல்லை. காப்பியைக் குடித்து முடித்துவிட்டு அவர்களில் ஒருவன் கேட்டான்.

"ஐயா, ஒங்க காலத்துல இந்த நோவுக்கு என்ன மருந்து அடிச்சீங்க?"

"எடவெளி," என்றேன்.

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சேர்ந்துதான் சிரித்தேன். ஆனால் அவர்கள் போன பிறகு மனசு ஒரு நிலையில் இல்லை. அந்த ஒரு சொல்லுக்குப் பின்னால் அஞ்சலை என்று ஒரு பெண் நிற்கிறாள். அவளைச் சொல்லாமல் சொல்லை மட்டும் சொன்னால் சிரிக்கத்தான் செய்வார்கள். ஆகையால் எழுதிவிடுகிறேன்.

நான் பிறந்தது மலாய் நாட்டுப் பேராக்கில், பத்து காஜாவில். அப்பா ஆஸ்பத்திரிச் சமையல்கட்டில் வேலை பார்த்தார். பாதிரியார் பள்ளிக்கூடத்தில் கொஞ்சம் இங்கிலீஷ், தெருவில் மலாய், வீட்டில் தமிழ் என்று மூன்றும் வாயில் ஏறியதால், ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளின் தொடக்கத்தில் விவசாய இலாகாவில் எடுத்துக்கொண்டார்கள். பெரிய சண்டை முடிந்து அரிசி கிடைக்காமல் நாடே திண்டாடிய நினைவு அப்போது ஆறவில்லை. யாரைப் பார்த்தாலும் நெல் போடு, நெல் போடு என்றுதான் சர்க்கார் சொல்லிக்கொண்டிருந்தது. என்னைப் பாரிட் புந்தாருக்கு அனுப்பி, சோதனை வயலில் தள்ளிவிட்டார்கள். பொழுது விடிந்தால் சேறு, பொழுது சாய்ந்தால் அட்டைக்கடிக்குச் சுண்ணாம்பு. அங்கே மலாய்க்காரப் பெண்கள் குக்கு காம்பிங் என்னும் ஆட்டுக்குளம்பு போலப் பிளந்த இரும்புக் கோலால், முழங்கால் தண்ணீரில் நாற்றைக் குத்திச் செருகிக்கொண்டே பின்னால் நகர்வார்கள். நான் முன்னால் நகர்ந்து, நட்டதை நானே மிதித்து, அவர்கள் சிரித்துச் சிரித்து ஓய்ந்த பிறகுதான் எனக்கு நடவு பிடிபட்டது. படிப்பு என்று சொன்னால் அவ்வளவுதான்.

மிச்சத்தைக் கற்றுக்கொண்டது கண்ணாடித் துரையிடம். பயிர்நோய் பார்ப்பதற்கென்றே இலாகாவில் இருந்த வெள்ளைக்காரர். கறுப்புக் கயிற்றில் பூதக்கண்ணாடி ஒன்று எப்போதும் கழுத்தில் தொங்கும். அதனால் வயல்காட்டில் எல்லோருக்கும் அவர் கண்ணாடித் துரைதான். ஒல்லியான ஆள், உரத்துப் பேசமாட்டார். என்ன கேட்டாலும் முதலில் அவர் வாயில் வருவது "துங்கு டுலு" என்ற மலாய்ச் சொல்தான். பொறு முதலில் என்று அர்த்தம். சாப்பாட்டுக்குக் கூப்பிட்டாலும் துங்கு டுலு, மழை வருகிறது என்றாலும் துங்கு டுலு. நானும் அவரும் தெப்பமாக நனைந்த நாட்கள் கொஞ்சமல்ல.

நோய் கண்ட வயலுக்குப் போனால் அவருக்கென்று ஒரு முறை இருந்தது. நேராக நோயைப் பார்க்கப் போகமாட்டார். வரப்பில் நின்று முதலில் வயல் முழுவதையும் பார்ப்பார். பிறகு பயிர் நன்றாக இருக்கும் பக்கமாக இறங்குவார். நோய் கண்ட பயிரைத் தொட்ட கையால் நல்ல பயிரைத் தொடக்கூடாது என்பது அவருடைய பத்தியம். இலையில் கண்போல இருபக்கமும் கூராக, நடுவில் சாம்பல் நிறமும் ஓரத்தில் பழுப்புமாகப் புள்ளி இருக்கிறதா என்று பார்ப்பார். கதிரின் கழுத்து கறுத்திருந்தால் அந்தக் கழுத்தை மட்டும் நறுக்கி, ஈரக் காகிதத்தில் சுற்றி, பிஸ்கட் டின்னில் போட்டு மூடிவைப்பார். மறுநாள் திறந்தால் கறுத்த இடத்தில் சாம்பல் தூவினாற்போல மெல்லிசாகப் பூஞ்சணம் கிளம்பியிருக்கும். அதைக் கண்ணாடியில் பார்த்துவிட்டுத்தான் நோயின் பெயரையே சொல்வார். அதற்கு முன்னால் யார் கேட்டாலும் தெரியாது என்பார். தெரியாது என்று சொல்ல வெட்கப்படாத அதிகாரியை நான் வேலைக்காலம் முழுவதும் அவர் ஒருவரைத்தான் பார்த்தேன்.

அதன் பிறகு மூன்று விஷயங்களை விசாரிக்கச் சொல்வார். நாற்று எங்கே வளர்ந்தது, தண்ணீர் எப்படி நின்றது, நட்ட கை எப்படிப்பட்ட கை. "பூஞ்சணம் எங்கும்தான் இருக்கிறது, அருளப்பன். அதற்கு யார் பாய் விரித்தார்கள் என்று பார்," என்பார் இங்கிலீஷில்.

இனி அஞ்சலையின் கதைக்கு வருகிறேன்.

பத்து காஜாவுக்கு அப்பால் கித்தா என்கிற ரப்பர்த் தோட்டம் ஒன்று. பெயர் வேண்டாம், இப்போது அது இல்லவும் இல்லை. ஆற்றை ஒட்டி ரப்பர் மரம் வராத சதுப்பு நிலம் கொஞ்சம் கிடந்தது. அரிசித் தட்டுப்பாட்டுக்குப் பிறகு அதைத் துண்டு துண்டாகப் பிரித்து, லயத்து வரிசை வீடுகளில் இருந்த கூலி ஜனங்கள் நெல் போட்டுக்கொள்ளட்டும் என்று பெரிய துரை, அதாவது தோட்ட மானேஜர், விட்டிருந்தார். முதல் போகம் பரவாயில்லை. இரண்டாம் போகத்தில் கதிர் வந்த பிறகு வயலே வெளுத்துப்போனது. பெரிய துரை இலாகாவுக்குச் சொல்லி அனுப்பினார். சொல்லி அனுப்பியதில் அக்கறையைவிட அலுப்புதான் அதிகம். அந்த நிலத்தை ஈயச் சுரங்கக்காரர்கள் கேட்டுக்கொண்டிருந்தார்கள். நெல் வராது என்று இலாகாவே சொல்லிவிட்டால் அவருக்கும் வேலை சுலபம்.

நாங்கள் போய் இறங்கியபோது லயத்து ஜனங்கள் வரப்பில் கூடியிருந்தார்கள். அம்மனுக்குக் கூழ் ஊற்றாத கோளாறு என்று ஒரு பெரியவர் சொன்னார். நான் சிரிக்கவில்லை. எங்கள் வீட்டுக் கத்திரிச்செடிக்கு என் அம்மா புனித நீர் தெளித்ததைப் பார்த்தவன் நான்.

அந்தக் கூட்டத்திலிருந்துதான் அஞ்சலை முன்னால் வந்தாள். நாற்பது வயதிருக்கும். லால்குடிப் பக்கத்திலிருந்து கப்பலேறி வந்தவள். காலையில் பால்மரம் வெட்டுவாள், அதாவது பட்டையைக் கீறி ரப்பர்ப்பால் எடுப்பாள்; மற்ற நேரம் வயல். நடவு என்றால் பெண்களுக்கெல்லாம் அவள்தான் தலைவி.

"வாங்க தம்பி. எளவு வீட்டுக்கு வந்தவுக மாதிரி தூரமா நிக்காம எறங்கிப் பாருங்க," என்றாள்.

அவள் புருஷன் முனியன் கொஞ்ச தூரத்தில் வரப்பில் குந்தியிருந்தார். நெஞ்சுச் சீக்கு. மரம் வெட்ட முடியாமல் தோட்டத்து ஆள்கணக்கிலிருந்து பெயர் நீக்கப்பட்டவர். அந்தக் காலத்தில் அப்படிப் பெயர் போனால் அடுத்தது கப்பல்தான். வேலைக்கு ஆகாதவனை ஊருக்கு ஏற்றி அனுப்பிவிடுவார்கள். சொந்தத் துண்டில் நெல் விளைகிறது, தோட்டத்து அரிசியை எதிர்பார்க்கவில்லை என்ற ஒரே காரணத்துக்காகப் பெரிய துரை அவரை லயத்தில் விட்டுவைத்திருந்தார். நிலம் போனால் முனியன் போக வேண்டும், கூட அஞ்சலையும் போக வேண்டும்.

"ஊர்ல எங்களுக்கு யாரு தம்பி இருக்கா? இருந்த குடிசையும் வித்துட்டுத்தான் கப்பல் ஏறுனோம்," என்று அன்றைக்கே என்னிடம் சொன்னாள். அதைச் சொல்லும்போது அவள் அழவில்லை. எனக்குத்தான் எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை.

கண்ணாடித் துரை வழக்கம்போல வரப்பில் நின்றார். நின்றார், நின்றுகொண்டே இருந்தார். ஜனங்கள் முணுமுணுத்தார்கள். நான் கேட்டேன். துங்கு டுலு என்றார். பிறகு கையை நீட்டிக் காட்டினார். வெளுத்துக் கிடந்த வயலின் குறுக்கே, மேட்டிலிருந்து ஆற்றங்கரை வரைக்கும், பொன்னிறத்தில் ஒரு கோடு ஓடியது. அந்தக் கோட்டில் மட்டும் கதிர் தலைசாய்ந்து நின்றது.

"அது என்ன என்று கேள்," என்றார்.

கேட்டேன். ஆண்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் ஆற்றுப் பக்கம் பார்த்தார்கள். அஞ்சலைதான் பதில் சொன்னாள்.

"அதுவா? எங்க ஆம்பளைங்க போட்ட ரோடு! லயத்துலேருந்து கள்ளுக்கடைக்குச் சுத்திப் போனா காலு வலிக்குதாம். வயலுக்குள்ளாறயே பூந்து போயிருவானுங்க. நானும் மிதிச்ச எடத்துலல்லாம் திரும்பத் திரும்ப நாத்து வச்சேன். கேட்டாத்தானே லா!"

இதை மொழிபெயர்த்துச் சொன்னதும் கண்ணாடித் துரை வாய்விட்டுச் சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு அந்தக் கள்ளுக்கடைப் பாதை வழியாகவே உள்ளே இறங்கினார். பாதையின் இரண்டு ஓரத்திலும் தூர் பருமனாக, இலை ஈரமில்லாமல் சுத்தமாக இருந்தது. ஒரு முழம் தள்ளி உள்ளே கையை விடச் சொன்னார். உச்சி வெயில் மண்டையைப் பிளக்கிறது, ஆனால் கை நனைந்து வந்தது. பயிர் அவ்வளவு நெருக்கம். காலையில் இறங்கிய பனி உள்ளேயே சிறைபட்டுக் கிடந்தது. கதிரின் கழுத்தெல்லாம் கறுப்பு. கதிரை உருவினால் உள்ளங்கையில் வெறும் பதர். ஜனங்கள் அதைச் சாவி என்பார்கள்.

நாற்று, தண்ணீர், கை மூன்றையும் விசாரித்தேன். நாற்றங்காலை லயத்துக்குப் பின்னால் காய்ந்த மேட்டில் போட்டு, மாட்டுச் சாணத்தைக் கொட்டி வளர்த்திருந்தார்கள். அது ஒரு குற்றம். அப்படி வளர்ந்த நாற்று கரும்பச்சையாக, பிடித்தால் துவளும். தண்ணீரில் பெரிய குறை இல்லை. கைதான் எனக்கு விளங்கவில்லை. குத்துக்கும் குத்துக்கும் நடுவே நாலு விரல்கூட இல்லை. ஒவ்வொரு குத்திலும் ஒரு பிடி நாற்று.

"அக்கா, ஒங்க ஊர்ல இப்படித்தான் நடுவீங்களா?" என்று கேட்டேன்.

அவளுக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. "எங்க ஊர்லயா? நெல்லுக்கு நண்டோட, கரும்புக்கு ஏரோட, வாழைக்கு வண்டியோட, தென்னைக்குத் தேரோட. வயித்துல இருக்கும்போதே கேட்ட பாட்டு தம்பி இதெல்லாம்."

"அப்போ இங்க நண்டு எங்கக்கா ஓடும்?"

"நண்டுக்கு எடம் விட்டா எங்களுக்கு எடம் இருக்காது, தம்பி."

பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. முதல் போகத்தில் விதைநெல் பற்றாமல் நாற்று குறைந்துபோனதால் கலக்க, அதாவது இடைவெளி விட்டு, நட்டார்கள். பெரிய துரை வரப்பில் நடந்து வந்து பார்த்தார். ரப்பர்த் தோட்டத்தில் வளர்ந்த கண் அவருடையது. மரம் செத்துக் காலியாக இருக்கும் குழியைத் தோட்டத்தில் வேக்கன்சி என்பார்கள். கன்று வைத்து அதை நிரப்பாவிட்டால் கங்காணிக்கு ஏச்சு. அதே கண்ணால் அவர் நெல்வயலையும் பார்த்து, பிரம்பை நீட்டி நீட்டி "வேக்கன்சி, வேக்கன்சி" என்று சொல்லிக்கொண்டே போனாராம். பாதி நிலத்தைச் சும்மா போட்டிருக்கிறீர்கள், அடுத்த தடவையும் இப்படி இருந்தால் ஈயச் சுரங்கத்துக்குக் கொடுத்துவிடுவேன் என்றாராம். தோட்டத்து ஜனங்களுக்கு அதற்கு மேல் என்ன சொல்ல வேண்டும்? காலி கண்ட இடத்தில் எல்லாம் நாற்றைத் திணித்தார்கள். நட்ட பிறகும் விடாமல் திணித்தார்கள். நெல்லைத் தெரிந்தவர்கள்தான் அவர்கள். ஆனால் துரையைப் பற்றிய பயம் நெல்லைப் பற்றிய அறிவைவிடப் பெரிதாக இருந்தது.

நண்டுப் பழமொழியை நான் கண்ணாடித் துரைக்குச் சொன்னபோது அவர் வெகு சிரத்தையாக, எந்த அளவு நண்டு என்று கேட்டார். அஞ்சலை வரப்பு வளையில் கையை விட்டு ஒரு வயல் நண்டைப் பிடித்து அவர் முன்னாலேயே பயிருக்குள் விட்டாள். அது இரண்டு குத்துக்கு நடுவே மாட்டிக்கொண்டு, காலை உதறி, கடைசியில் பயிர்மேல் ஏறப் பார்த்தது. அதை எடுத்துக் கள்ளுக்கடைப் பாதை ஓரமாக விட்டாள். ஒரே ஓட்டம்.

கண்ணாடித் துரை குனிந்து அந்த இடைவெளியை விரலால் அளந்தார்.

மறுநாள் பெரிய துரையின் பங்களாவுக்குப் போனோம். நான் படிக்கட்டில் நின்றேன். அப்போதெல்லாம் எங்களுக்கு அதுதான் இடம். கண்ணாடித் துரை நெல்லைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. மரங்களைப் பார்க்க வேண்டும் என்றார். மூவரும் மரங்களுக்கு நடுவே நடந்தோம். அந்த வருஷம் மழை அதிகம். பால் வெட்டும் பட்டையில் பூஞ்சணம் பிடித்து அழுகியதால், நெருக்கமாக நின்ற மரங்களில் சிலவற்றைப் பெரிய துரை வெட்டித் தள்ளிக்கொண்டிருந்தார்.

"நல்ல மரத்தை ஏன் வெட்டுகிறீர்கள்?" என்று கேட்டார் கண்ணாடித் துரை, ஒன்றும் தெரியாதவர் மாதிரி.

"காற்று வேண்டாமா? வெயில் உள்ளே விழ வேண்டாமா?" என்றார் பெரிய துரை. சொல்லி முடித்ததும் முகம் சிவந்துவிட்டது. தன் வாயாலேயே தான் மாட்டிக்கொண்டது அவருக்குத் தெரிந்தது. ஆனால் பெரிய மனிதர்களுக்கு நியாயம் புரிவது ஒன்று, அதை ஒப்புக்கொள்வது வேறு ஒன்று.

"மரம் வேறு, புல் வேறு," என்றார் கடைசியில். "ஒரு போகம் பார்க்கிறேன். உங்கள் இஷ்டப்படி நடட்டும். ஆனால் என் முறைப்படி நெருக்கமாக நட்ட துண்டு ஒன்றும் இருக்க வேண்டும். நான் வந்து நிற்கிற வரப்போரத்துத் துண்டு. அதுவும் மற்றதைப் போலவே விளைந்தால் உங்கள் இடைவெளிப் பேச்சு வெறும் சாக்கு; நிலம் சுரங்கத்துக்குப் போகும்."

கண்ணாடித் துரை சரி என்றார். ஒன்றோடு ஒன்றை வைத்துப் பார்க்காமல் எதையும் நம்பக்கூடாது என்பது அவருடைய வேதம். அதில் நியாயமும் இருந்தது. ஆனால் அந்த வரப்போரத்துத் துண்டு யாருடையது என்று அவருக்கு அப்போது தெரியாது. எனக்குத் தெரியும். அது அஞ்சலையுடையது.

லயத்தில் போய் நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. என் வேலைக்காலத்தில் அவ்வளவு கஷ்டப்பட்டு எதையும் சொன்னதில்லை. ஒரு துண்டை நோய்க்குப் பலியாகட்டும் என்று நடப்போகிறோம், அது உங்கள் துண்டு என்று ஒரு பெண்ணிடம் எப்படிச் சொல்வது? மற்றவர்கள் ஆளுக்கொரு கட்டுக் கதிர் கொடுத்து அவளைக் கைதூக்கிவிடுவது என்று பேசிக்கொண்டார்கள். பேச்சு நல்ல பேச்சுதான். அறுப்பு வரும்போது அவரவர் வயிறு அவரவருக்குப் பெரிது என்பது அங்கே எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அஞ்சலை எழுந்து வயல் பக்கம் போய்விட்டாள்.

இந்தத் தடவை நாற்றங்காலைச் சேற்றில் போட்டோம். சாணத்தைக் குறைத்தோம். நடவன்று பெண்கள் கலக்கக் கலக்க நட்டுக்கொண்டு போனார்கள். இடைவெளி சரியா என்று கேட்டால், "நண்டைக் கூப்பிடுங்க தம்பி, அது சொல்லும்" என்று என்னைக் கேலி செய்தார்கள். வரப்போரத்துத் துண்டு மட்டும் அப்படியே கிடந்தது. அஞ்சலை கையில் நாற்று முடியை வைத்துக்கொண்டு அதில் நின்றாள். குனிவாள், நிமிர்வாள்.

"தம்பி, தொரகிட்ட கேளுங்க," என்றாள். "சாகப்போவுதுன்னு தெரிஞ்சுக்கிட்டே நடச் சொல்றாரே. எங்கை எப்பிடி வரும்?"

நான் அப்படியே சொன்னேன். கண்ணாடித் துரை துங்கு டுலு என்றுகூடச் சொல்லவில்லை. வரப்பில் உட்கார்ந்தார். செருப்பைக் கழற்றினார், காற்சட்டையை மடித்துவிட்டார், இறங்கி அவள் கையிலிருந்த முடியை வாங்கிக்கொண்டார். சரி என்று ஒப்புக்கொண்டவர் அவர், ஆகவே நட வேண்டியவரும் அவரே என்று நினைத்தார் போலும். நானும் இறங்கினேன். இரண்டு பேரும் நட்டோம். அவருக்கு இடுப்பு வளையவில்லை, எனக்கு வரிசை நிற்கவில்லை.

"தொர நட்டது கோழி கெளறினாப்புல இருக்கு!" என்று பக்கத்து வயலிலிருந்து ஒருத்தி கத்தினாள். பெண்கள் எல்லோரும் சிரித்தார்கள். அஞ்சலை மட்டும் சிரிக்காமல் எங்கள் கோணல் வரிசையையே பார்த்துக்கொண்டிருந்தாள். வருத்தம் என்று நினைத்துக்கொண்டேன்.

கொஞ்ச நாள் கழித்து வந்து பார்த்தபோது அந்தத் துண்டு நேராக, நெருக்கமாக, பார்க்கவே அழகாக நின்றது. நட்டபோது கோணினாலும் வளர்ந்தால் நிமிர்ந்துவிடும் என்று துரையிடம் பெருமையடித்துக்கொண்டேன். அவரும் நம்பினார். எங்கள் இரண்டு பேருக்கும் அதில் கொஞ்சம் சந்தோஷம்.

மழை வந்தது, பனி வந்தது. கதிர் வந்த பிறகு நோயும் வந்தது. உள்ளதைச் சொல்ல வேண்டுமென்றால் கலக்க நட்ட வயலிலும் அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கழுத்துக் கறுத்தது. இடைவெளி விட்டால் நோயே வராது என்று சொன்னால் அது பொய். ஆனால் அங்கே நோய் வந்தாலும் வெயிலும் காற்றும் அதைப் பரவவிடவில்லை. வரப்போரத்துத் துண்டில்தான் அது பாய் விரித்துப் படுத்தது. அறுப்பு நேரத்தில் வயல் முழுக்கப் பொன்னாக இருக்க, அந்த ஒரு துண்டு மட்டும் துணி வெளுத்துக் காயப் போட்டாற்போல நின்றது.

பெரிய துரை வந்தார். ஜனங்கள் எல்லோரும் கூடியிருந்தார்கள். முனியன்கூட ஒரு கழியை ஊன்றிக்கொண்டு வந்து நின்றார். பெரிய துரை ஒரு கதிரை ஒடித்துக் கசக்கி ஊதினார். உமி பறந்தது. பிறகு திரும்பிக் கண்ணாடித் துரையைப் பார்த்தார்.

"இதை நட்டது நீங்களும் உங்கள் கிராணியும்தான் என்று கேள்விப்பட்டேன்," என்றார் இங்கிலீஷில். கிராணி, அதாவது குமாஸ்தா, என்றது என்னை. "உங்கள் கை நட்டால் எங்கே நட்டாலும் சாகத்தான் செய்யும். நடவு தெரிந்தவர்கள் நட்டதோடு இதை எப்படிச் சேர்த்துப் பார்ப்பது? இது கணக்கில் சேராது."

கண்ணாடித் துரையின் முகத்தைப் பார்த்தேன். அந்த வாதத்தில் நியாயம் இருக்கிறது என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. நியாயமான பேச்சை மறுத்துப் பேச அவருக்கு வராது. அன்றைக்கு ஒரு பெண்ணின் மேல் இரக்கப்பட்டுச் செய்த காரியம் அவளுடைய கழுத்துக்கே கயிறாகிவிட்டது.

"என்னவாந்தம்பி?" என்று அஞ்சலை என்னைக் கேட்டாள். சொன்னேன்.

அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு பெரிய துரைக்கு முன்னால் வந்து நின்றாள். தோட்டத்துத் துரைமார்களுக்குத் தமிழ் தெரியும். தெரியாவிட்டால் உத்தியோகம் நிலைக்காது.

"தொர, அது அவுங்க நட்டது இல்லீங்க. நான் நட்டது."

"நீயா?"

"அவுங்க நட்டுட்டுப் போன மறுநா, கருக்கல்லயே வந்து அம்புட்டையும் புடுங்கிட்டு நாந்தான் நட்டேன். எங்கையி. சந்தேகமா இருந்தா எறங்கி வரிசையப் பாருங்க. வேக்கன்சி ஒண்ணு காட்டுங்க பாப்போம்."

பெரிய துரை குனிந்து பார்த்தார். நானும் பார்த்தேன். கயிறு பிடித்தாற்போல வரிசை. அந்தக் கோணல் எப்படி நிமிர்ந்தது என்பது அப்போதுதான் என் மரமண்டைக்கு உறைத்தது. கண்ணாடித் துரை தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். வெயிலுக்கு என்று நினைத்தவர்களும் அங்கே இருந்திருப்பார்கள்.

பெரிய துரை பிரம்பால் பூட்ஸில் தட்டிக்கொண்டு நின்றார். பிறகு அஞ்சலையைப் பார்த்து, "அடுத்த நாத்து எப்போ போடுது?" என்று தன் தோட்டத்துத் தமிழில் கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் வரப்போடு நடந்து போய்விட்டார். நிலம் தப்பியது. முனியனும் தப்பினார். அதற்குப் பிறகு சில வருஷம் அந்த லயத்திலேயே இருந்து, அங்கேயே கண்ணை மூடினார் என்று பிற்பாடு கேள்விப்பட்டேன்.

அன்றைக்கு அறுப்பு ஓய்ந்ததும் நடந்ததைச் சொல்லாமல் விட்டால் அந்த ஜனங்களுக்குத் துரோகம். களத்துக்குக் கட்டு தூக்கிப்போன ஒவ்வொரு பெண்ணும் அஞ்சலையின் இடத்தில் ஒரு கட்டை இறக்கிவிட்டுத்தான் தன் இடத்துக்குப் போனாள். சொன்ன சொல் தவறவில்லை. கள்ளுக்கடைப் பாதை போட்ட ஆண்களும் ஆளுக்கொரு கட்டைக் கொண்டுவந்து தலையைக் குனிந்தபடி போட்டுவிட்டுப் போனார்கள். நான் ஜனங்களைத் தப்பாக எடை போட்டிருந்தேன்.

புது நெல்லைக் குத்தி எங்களுக்கு அங்கேயே கஞ்சி வைத்தார்கள். கண்ணாடித் துரை என்னிடம் சொன்னார்: "ஏன் அப்படிச் செய்தாள் என்று கேள். எங்களை ஏன் நம்பவில்லை?"

கேட்டேன். அஞ்சலை அகப்பையைக் கீழே வைத்தாள்.

"நம்பாம என்ன, நல்ல மனுசந்தான். எனக்குப் பதிலா எறங்கி நட்டாரே, யாரு நடுவா? ஆனா கோணக்கமாணயா நட்டா, பெரிய தொர அதையே சாக்கா வச்சுத் தட்டி வுட்டுருவாருன்னு அன்னிக்கே எனக்குப் பட்டுச்சு. இம்புட்டு வருசமா அவருகிட்ட ஏச்சு வாங்கியிருக்கேன், அவரு பேச்சு எனக்குத் தெரியாதா?"

"பயமா இல்லையாக்கா? மத்தவங்க கட்டு குடுக்காமப் போயிருந்தா?"

"பயந்தான். நட்டுட்டு வந்து அன்னிக்கிப் பூரா சோறு எறங்கல. இந்த மனுசன்கிட்டகூடச் சொல்லல." முனியன் பக்கம் தலையை ஆட்டினாள். "ஆனா தம்பி, ஊரு வயலு பொழைக்கணும்னா ஒரு துண்டு சாவணும்னு நீங்கதானே வந்து சொன்னீங்க? அது யாரோ ஒருத்தர் துண்டாத்தானே இருக்கணும். சாவுறத ஒழுங்கா நடணுமில்ல?"

நான் அதை ஒரு சொல் விடாமல் துரைக்கு மொழிபெயர்த்தேன்.

அதன் பிறகு பேராக்கில் எத்தனையோ வயல்களில் நின்று, கலக்க நடுங்கள், கலக்க நடுங்கள் என்று தொண்டை வறளச் சொல்லியிருக்கிறேன். கேட்டவர்கள் உண்டு, சிரித்தவர்களும் உண்டு. போன மாதம் வந்த பிள்ளைகள் சிரித்ததில் எனக்குக் கோபம் இல்லை. இடைவெளி விட்டு நடுவதற்குப் பழக்கம் இருந்தால் போதும், அது எல்லோராலும் முடியும். என்ன ஆகும் என்று தெரிந்துகொண்டே, ஒரு நண்டுகூட ஓட முடியாதபடி, தன் சொந்தத் துண்டில் வரிசை பிசகாமல் நட்டவளை நான் ஒருத்தியைத்தான் பார்த்திருக்கிறேன்.